பினிங் அக்காவின் கூட்டுப் பட்டினி

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரச் சந்தையில், பினிங் அக்காவின் பாட்சோய் என்னும் நூடுல்ஸ் சூப் கடையில் யாரும் காலிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்க முடியாது. நூடுல்ஸுக்குத்தான் காசு, சூப் தீரத் தீர இலவசம். மற்ற கடைகளில் கேட்டால் ஊற்றுவார்கள். அக்கா கேட்காமலே ஊற்றுவாள். போதுமென்று கிண்ணத்தை மூடிய கைகள் சூடு பட்டிருக்கின்றன. ஆள் வாட்டசாட்டம், சிரித்தால் மேசை ஆடும்.

அப்பேர்ப்பட்டவளின் புருஷன் அம்போ, சவாரி ஏற்றும் ட்ரைசிகிள் வண்டி கவிழ்ந்து கால் நசுங்கி, புண் சீழ்பிடித்து, நான் நர்ஸாக இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். வாயில் மூச்சுக் குழாய், மூக்கில் உணவுக் குழாய். புண்ணைக் கழுவ அடிக்கடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும். அதற்காக முந்தைய இரவே உணவை நிறுத்திவிடுவோம். காலையில் வேறு அவசரக் கேஸ் வரும். அம்போவின் முறை மதியத்துக்குத் தள்ளிப்போகும், பிறகு நாளைக்கு. மறுபடி பட்டினி. மனுஷர் தேய்ந்துகொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வழக்கத்தை யார் மாற்றுவது?

"இண்டாய்," தங்கச்சி என்று என்னைக் கூப்பிட்டாள் அக்கா. "சாப்பாட்டுப் பை ஏன் காலியாத் தொங்குது?"

"ஆபரேஷன் இருக்குக்கா. வயிறு காலியா இருக்கணும்."

"நேத்தும் இதத்தான சொன்ன? ஆபரேஷன் எங்க?"

அக்கா நேரே மாதா கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டாள்: அம்போவுக்குச் சாப்பாடு இறங்காதவரை தனக்கும் இறங்காது. பிறகு எங்கள் பிரிவு வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பாவம், அங்கே காவலிருந்த மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள்! "எம் முன்னால கோழியக் கடிக்காதடா பாவி, வெளிய போய்த் தின்னு!"

"இன்னைக்கும் முடியலக்கா, நாளைக்கு..." என்று சொல்ல வந்தார் அம்போவுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஹோர்தலேசா. அக்கா எழுந்தாள், கண் சொருகியது, சாய்ந்தாள். டாக்டர் ஒல்லி. கீழே அவர், மேலே அக்கா. இழுத்து எடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

அவசரப் பிரிவில் கண் விழித்தவள் தலைமாட்டு அட்டையைப் படித்தாள்: வாய்வழி எதுவும் தரக்கூடாது. யார் வந்து படுத்தாலும் முதலில் அதைத்தான் மாட்டுவார்கள்.

"மயங்கினதே தின்னாமத்தான்! அதுக்கு வைத்தியம் பட்டினியா?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற டாக்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏங்க்கா சாப்பிடல?"

"அவருக்கு ஊத்துங்க, நானும் சாப்பிடறேன். எங் கடையில நாளைக்கு வா, நாளைக்கு வான்னா கிண்ணம் பறக்கும் டாக்டரே!"

டாக்டரின் சிரிப்பு நின்றது. மயக்க மருந்து டாக்டரிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தார். "எல்லாருக்கும் இது சரிப்படாது, இவருக்குச் சரி. மூச்சுக்குழாய் உள்ளயேதான் இருக்கப்போவுது, அதைச் சுத்தி பலூன் அடைச்சுக் காவல் இருக்கு, வயித்துல இருக்கறது மேல வந்தாலும் நுரையீரலுக்குப் போகாது. நாம தொடறது காலைத்தான். தியேட்டர்ல கூப்பிடற வரைக்கும் ஊத்துங்க."

மறுநாள் காலை தள்ளுவண்டி வாசலுக்கு வரும்வரை பை சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே அக்கா பாட்சோய் உறிஞ்சிய சத்தம் உள்ளே மானிட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எனக்கு ஆட வேண்டும்போல் இருந்தது, கொஞ்சம் ஆடியும்விட்டேன்.

பிறகு புண் ஆறியது, உடம்பு தேறியது. மூச்சுக் குழாயை எடுத்த அன்று அம்போ பெண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தார். தொண்டை கரகரத்தது.

"என்ன புள்ள, இப்படி இளைச்சுட்ட?"

பிறந்ததிலிருந்து யாரும் சொல்லாத வார்த்தை. அக்கா சிரித்தாள், கட்டில் ஆடியது. அந்த ஆட்டத்திலேயே அழுதாள்.