நாலு கட்டைப் பிளக்

காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவன் நான். அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தோம். தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்து எங்களோடு தங்கியிருந்தான். கொள்ளுப்பிட்டியில் ஒரு தூதரகத்தில் அவனுக்கு விசா நேர்முகம். தவறினால் திரும்பக் கூப்பிடுவார்களோ தெரியாது. பஸ்ஸில் போனால் இறக்கி விசாரிப்பார்கள், என்னுடைய பழைய ஜப்பான் காரில் குடும்பமாகப் போனால் விட்டுவிடுவார்கள் என்பது என் நினைப்பு. ஆனால் கார் இழுத்து இழுத்து ஓடியது. சோதனைச் சாவடியில் என்ஜினை நிறுத்தச் சொன்னால் திரும்பப் பிடிக்காது.

பிளக்குகளைக் கழற்றினேன். நாலும் தேய்ந்து கிடந்தன. கடையில் காட்டி அதே மாதிரி வாங்கலாம் என்று ஒன்றைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். மனைவி கண்டுவிட்டாள்.

“இஞ்சருங்கோ, உந்தப் பிளக்கை எங்க கொண்டு போறியள்? செக்கிங்கில கண்டா என்னெண்டு சொல்லுவியள்?”

“பிளக் எண்டு சொல்லுவன்.”

“சொன்னா நம்புவாங்களோ? குண்டுச் சாமான் எண்டு பிடிச்சுக்கொண்டு போவாங்கள்.”

அவளோடு கத்தினேன். கத்திவிட்டு, பிளக்கை வைத்துவிட்டுத்தான் போனேன். அதன் நம்பரை எழுதிய துண்டையும் கிழித்தெறிந்தேன். எழுத்தும் இலக்கமுமாக இருந்த அதைப் பார்க்க எனக்கே ரகசியக் குறியீடோ என்று சந்தேகமாக இருந்தது.

பஞ்சிகாவத்தையில் ஒரு கார் உதிரிப்பாகக் கடையில் காரின் மொடலைச் சிங்களத்தில் சொன்னேன். வீட்டிலேயே பாடமாக்கிய வசனம். கடைக்காரர் இரண்டு பிளக்கை எடுத்து வைத்தார். ஒன்றில் திருகுகிற புரிப்பகுதி நீட்டு, மற்றதில் கட்டை, அரைவாசி நீளம்தான். எது வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். இது என் பாடத்தில் இல்லை. வித்தியாசம் என்ன என்று கேட்க ஐந்தாறு சொல்லாவது வேண்டும், மூன்றாவது சொல்லிலேயே நான் யாரென்று தெரிந்துவிடும். பக்கத்தில் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர் கையிலிருந்த கட்டையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

நானே பூட்டினேன். புரி அழகாக ஏறியது. கார் நாலு நாள் நல்ல பிள்ளையாக ஓடியது. மனைவியிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

நேர்முகத்தன்று காலி வீதிச் சாவடியில் என்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பினேன். போகச் சொன்ன சிப்பாயின் முகம் மாறியது. சாவடிக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும் கார், உள்ளே தமிழர். எல்லோரையும் இறக்கினார்கள். அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சீற்றைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். தம்பியையாவது ஓட்டோவில் விடுங்கள் என்று கெஞ்சினேன். சோதனை முடியும்வரை ஒருவரும் போகக்கூடாது என்றார்கள்.

முடிந்தபோது பதினொரு மணி. நேர்முகம் ஒன்பதுக்கு. ஓட்டோ பிடித்து ஓடினோம்; தூதரக வாசலில் தம்பியை உள்ளே விடவில்லை.

காரை வீட்டுக்கு இழுத்து வந்து பிளக்கைக் கழற்றினால் நுனியெல்லாம் கரி. கட்டைப் புரி பெற்றோல் எரிகிற இடத்துக்கே எட்டவில்லை. அடுத்த நாள் கடைக்குப் போனேன். வந்த ஆத்திரத்தில் பாடமாவது மண்ணாங்கட்டியாவது, தமிழிலேயே கத்தினேன்.

கடைக்காரர், அன்று தலையில் இல்லாத தொழுகைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க தமிழா? அன்டைக்கே தமிழ்ல கேட்டீந்தா பழைய பிளக்கக் கொண்டு வாங்கன்டு சொல்லீப்பேனே. நானும் உங்கள சிங்கள ஆளுன்டு நெனச்சிட்டேன்.”

வீட்டில் தமிழ் பேசும் இரண்டு பேர் நின்று சிங்களத்தில் வியாபாரம் செய்திருக்கிறோம். யாரைத் திட்டுவது? அவர் கட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நீட்டைத் தந்தார்.

பூட்டினேன். ஒரே திருப்பில் பிடித்தது. நிறுத்தினேன், திரும்பவும் பிடித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெட்கமில்லாமல். வாசலில் நின்ற தம்பியை ஏறச் சொன்னேன்.

“இனி எங்க போறதுக்கு அண்ணை?” என்றான்.