பாணைப் பிய்க்காத இருவர்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் வேலை செய்தேன். கூட வேலை செய்தவர் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிட மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

அங்கே ஆளுயரத்துக்கு மேல் ஒரு கற்சிலுவை நின்றது. அதன் கைகளைச் சுற்றி ஒரு வட்டம். உடம்பு முழுக்கச் சின்னச் சதுரங்கள், சதுரத்துக்குள் செதுக்கிய மனிதர்கள். கோயில் தூண்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் நான். மெஷினை நிறுத்தாமல் அதைக் கடக்க முடியவில்லை.

ஒரு சதுரத்தில் தகப்பன் மகன்மேல் கத்தியை ஓங்கியிருந்தான்.

"உது சிறுத்தொண்டர் கதையெல்லோ அண்ணை?"

"இல்லையடா, ஆபிரகாம். பக்கத்தில கிடாய் நிக்குது, பார்."

அதற்குக் கீழே இரண்டு கிழவர்கள் எதிரெதிரே இருந்தார்கள். நடுவில் வட்டமாக ஏதோ. மேலிருந்து ஒரு பறவை இறங்கியது. அண்ணை கனநேரம் பார்த்தார். "பைபிளில உப்பிடி ஒண்டு இருக்கிறதாத் தெரியேல்லை" என்றார்.

அந்தச் சிலுவையின் கீழ் புதைக்கப்பட்ட கணவருக்குப் பூக் கொண்டுவந்த அயர்லாந்துப் பெண்மணியிடமே கேட்டேன். கணவரின் ஊரில் இடிந்துபோன பழைய மடம் ஒன்று இருக்கிறதாம். அங்கே ஆயிரம் வருடத்துக்கு மேல் நிற்கும் சிலுவையின் சின்ன நகல்தான் இது. கிழவர்கள் யாரென்று அவருக்கும் தெரியாது. "அவரிடம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்தானே என்று இருந்துவிட்டேன்" என்றார்.

நூலகத்தில் பெரிய படப்புத்தகம் ஒன்றில் விடை அகப்பட்டது. பாலைவனத்துத் துறவிகள் இருவர். அண்டங்காக்கை ஒன்று அவர்களுக்கு ஒரு முழு ரொட்டி, எங்கள் பேச்சில் பாண், கொண்டுவருகிறது. யார் முதலில் பிய்ப்பது? "நீங்கள் பிய்யுங்கோ", "இல்லை, நீங்கள்தான்" என்று பொழுதுபட்டுவிடுகிறது. கடைசியில் இருவருமாகப் பிடித்து இழுக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கலியாணப் பந்தி நினைவுக்கு வந்து தனியே சிரித்தேன்.

அடுத்த முறை பெண்மணி வந்தபோது சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"என் மனிசனும் அப்படித்தான். கதவைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் முன்னால் விடுவார். நாங்கள் ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை."

பிறகு, "பின்பக்கம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். வேலிச்செடி அடர்ந்து மூடியிருந்ததால் நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. அண்ணை கத்தரிக்கோலை எடுத்துவந்து கொப்புகளை வெட்டினார்.

இரண்டு குதிரை, ஒரு தேர், அதில் இரண்டு பேர்.

"உவை ஆர்?" என்றார் அண்ணை.

பெண்மணி கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.