நிற்காமல் ஓடிய கலியாண வீடியோ

எங்கள் மகன் கடலில் இறந்த பிறகு, என் மனைவி தினமும் மகளின் கலியாண சீடியைப் பார்ப்பாள். எங்கள் கிழட்டுக் கணினியில் வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடும். மகன் சோடாத் தட்டோடு வந்து சிரிக்கும் இடத்தில் படம் சிறிது நேரம் அப்படியே நின்றுவிடும்.

அது அவளுக்குப் பெரிய இடைஞ்சல் என்று நானே தீர்மானித்தேன். நாலு புத்தகம் படித்தவனுக்கு அடுத்தவரைக் கேட்கும் பழக்கம் ஏது? கணினியைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போய், கடையில் அதன் பழைய புரோசசரைக் கொடுத்து வேகமான ஒன்றைப் பூட்டுவித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் கணினிக்கு ஜன்னலோரச் சீட். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மகன் இரண்டு எட்டில் கடந்து போனான்.

“நிக்கேல்லையே?” என்றாள் மனைவி.

“இனி நிக்காது. எப்பிடி என்ர வேலை?”

“முந்தி என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவனப்பா.”

அவசரமாக, படத்தை நிறுத்தும் பொத்தானைக் காட்டினேன்.

“அது நாங்கள் பிடிச்சு நிப்பாட்டிறது. முந்தி அவனாத்தானே நிண்டவன்.”

மறுநாளே கடைக்கு ஓடினேன். பழையதை விற்றுவிட்டிருந்தார்கள்.

இப்போது வீட்டில் எதைத் திருத்துவதென்றாலும் முதலில் அவளைக் கேட்கிறேன். குசினிக் கதவு கிறீச்சிடுகிறது. “அது கிடக்கட்டும்” என்றாள். எண்ணெய்ப் போத்தலைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டேன்.