மண்டபத்தில் பூட்டிக் கிடந்த சக்கர நாற்காலி

போன வருடம், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ள எங்கள் சகோதர சங்க மண்டபத்தில் இது நடந்தது. புதன்கிழமை, காலை பத்தேகால் மணி. நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். நேரத்தில் பிழை இருக்காது.

வெளியில் இருப்பவர்கள் எங்களை ‘லொட்ஜ்காரர்’ என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகக் கந்தோர்களில் வேலை செய்த லிகிதர்களும் புறக்கோட்டை வியாபாரிகளும் சேர்ந்து தொடங்கிய சங்கம். தமிழர், முஸ்லிம், சிங்களவர், பறங்கியர் யாராக இருந்தாலும் உள்ளே வந்தால் ‘சகோதரர்’தான். நாதியில்லாமல் இறந்தவர்களை அடக்கம் செய்திருக்கிறார்கள். கலவர நாட்களில் மண்டபத்தைத் திறந்துவிட்டு, யார் எவர் என்று கேட்காமல் படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சங்கத்துக்கு நான் ஒன்பது வருடமாகச் செயலாளர். வருடாந்த விழாவின் சிறப்பு மலருக்காக அதன் வரலாற்றை அப்போது எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று வந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். சீனி வருத்தத்தால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது காலிலும் புண், ஊன்ற முடியாது. சக்கர நாற்காலி கேட்டு அவர்கள் அனுப்பிய விண்ணப்பத்தை நாங்கள் ஏற்றிருந்தோம். நாற்காலி வந்து சேர்ந்துவிட்டது, விழாவன்று வழங்கப்படும் என்று கடிதம் போட்டவன் நான். அந்தக் கடிதம் அவர் கையில் இருந்தது.

“ஐயா, மகளுக்கு வாற சனிக்கிழமை கலியாணம். உங்கட விழா அதுக்கு அடுத்த கிழமை ஞாயிறு. ஓட்டோவில மாதா கோயில் வாசல் வரைக்கும் கொண்டு போயிருவோம். வாசல்ல இருந்து பீடம் வரைக்கும்தான் ஐயா. மகளை அவர்தான் கூட்டிக்கொண்டு போக வேணும். ஒரு நாளைக்குத் தாங்க. திங்கக்கிழமை துடைச்சுக் கொண்டுவந்து வைக்கிறேன்.”

நாற்காலி பத்தடி தூரத்தில், பொலித்தீன் சுற்றியபடி மேடைக்குப் பக்கத்தில் நின்றது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த உதவியும் விழா மேடையில், சகோதரர்கள் நீலப் பட்டி அணிந்து வரிசையில் நிற்க, பிரதம அதிதியின் கையால்தான் கொடுக்கப்படும். அதுவரை பொருள் மண்டபத்தை விட்டு வெளியே போகக் கூடாது. தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஐசே, உமக்கென்ன விசரே? ஊத்தைச் சில்லோட நிக்கிற கதிரைக்கு அந்தப் பெரிய மனுசன் ரிபன் வெட்டுறதோ? பத்து நாள்தானே, பொறுக்கச் சொல்லும்.”

பொறுக்கச் சொன்னேன். மண்டபக் கதவைப் பூட்டும் திறப்பு என் சட்டைப்பையில் இருந்தது. யாரும் என்னைத் தடுத்திருக்க முடியாது. ஆனாலும் அவரை இருத்தி, தேநீர் வரவழைத்து, விதியை எடுத்துச் சொன்னேன். அவர் வாதாடவில்லை.

“நீங்க கடிதம் போட்டபடியாத்தான் ஐயா நாங்க வேற இடத்தில கேக்கயில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினார். தேநீர் அப்படியே இருந்தது.

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘கொட்டாஞ்சேனைப் பெண் வந்தார். விதி விளக்கப்பட்டது.’

அதைவிடக் கேவலம், அன்று பின்னேரம் நான் செய்த வேலை. அதே மேசையில் இருந்து, சங்கத்தின் முதலாவது கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். உதவியை இரண்டு சகோதரர்கள் பெறுபவரின் வீட்டுக்கே கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், அவருடைய பெயர் கூட்டத்தில் வாசிக்கப்படக் கூடாது என்று தொடங்கியவர்கள் விதி எழுதி வைத்திருந்தார்கள். அதை அழகாகப் பிரதி எடுத்து, ‘இதுவே எமது சங்கத்தின் ஆன்மா’ என்று கீழே ஒரு வரியும் சேர்த்தேன். நாற்காலி அதே இடத்தில் நின்றது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

விழாவுக்கு அவர்கள் ஓட்டோவில் வந்தார்கள். பிரதம அதிதி ஐம்பது நிமிடம் பிந்தினார். அதுவரை அந்த மனிதரை முன்வரிசையில் சாதாரணக் கதிரை ஒன்றில் இருத்தி வைத்திருந்தோம். பிறகு நான்கு சகோதரர்கள் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தார்கள். படம் எடுத்தபோது அதிதி கண்ணை மூடிவிட்டாராம். திரும்ப இறக்கி, திரும்பத் தூக்கி வைத்தார்கள்.

“அண்ணே, சாரத்தைக் கொஞ்சம் உயர்த்துங்க, கால் தெரியட்டும்” என்றார் படம் எடுப்பவர். அவர் உயர்த்தினார். சிறப்பு மலர் ஒன்றை மடியில் வைத்தார்கள். என் கட்டுரை அதற்குள் இருந்தது.

“இப்ப சந்தோஷம்தானே?” என்று அதிதி ஒலிவாங்கியை நீட்டினார்.

“சந்தோஷம் போன கிழமை கோயில்ல முடிஞ்சுது சேர்” என்றார் அவர். அதிதிக்கு விளங்கவில்லை, சிரித்தார். மண்டபம் கைதட்டியது.

செவ்வாய்க்கிழமை நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மகளைத் தாய்மாமன் கூட்டிக்கொண்டு போனாராம். உறவுக்காரர் கதிரையோடு தூக்கிப் போகிறோம் என்றபோது இவர் சம்மதிக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். “நான் என்ன திருநாள் சுரூபமா, தோள்ல வச்சுத் தூக்க?” என்று என்னிடமும் சொல்லிச் சிரித்தார். கோயில் மணி வீட்டுக்குக் கேட்டதாம். சக்கர நாற்காலியின் முதுகில் எங்கள் சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தோம். அதன் மேல் ஒரு துவாய் போட்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க என்ன செய்வீங்க ஐயா, உங்கட சட்டம் அப்பிடி” என்றார் மனைவி. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் விழாக் குறிப்பை வாசித்தேன். இரண்டு முறை தூக்கி இறக்கியது, சாரத்தை உயர்த்தச் சொன்னது, அவர் சொன்ன பதில், எல்லாவற்றையும் எழுதியிருந்தேன்.

“இதெல்லாம் எழுதுறதோ? வெட்டும்” என்றார் தலைவர்.

“நடந்ததைத்தான் எழுதினனான். வெட்ட வேணுமெண்டால் நீங்களே வெட்டுங்கோ” என்று பேனையை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. தொடங்கியவர்களின் விதியைப் படித்துக் காட்டி, பொருள் வந்த அன்றே வீட்டில் கொடுப்போம் என்று பிரேரித்தேன். பிறகு ஒரு சகோதரர் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: “அப்ப விழாவில என்னத்தைக் குடுக்கிறது?”

பிரேரணையை ஒத்திவைத்தார்கள். இன்றுவரை அது ஒத்திவைக்கப்பட்டபடியே இருக்கிறது. நான் காத்திருக்கவில்லை. ஊன்றுகோலோ கண்ணாடியோ எது வந்தாலும், அன்றே ஓட்டோ பிடித்துக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். தலைவர் என்னோடு கதைப்பதில்லை.

அவர் மேல் உள்ள கோபம் ஒரு நாள் ஆறக்கூடும். ஒரு தகப்பன் தன் மகளோடு போக வேண்டிய அந்தச் சில அடிகளை இல்லாமல் செய்துவிட்டு, அதையும் மரியாதையாக விளக்கி அனுப்பிய என் குரலின் மேல் உள்ள கோபம் மட்டும் ஆறுவதாக இல்லை, ஆறவும் வேண்டாம்.