நடுக்கடலில் வாசிக்கக் கூடாத பாட்டு

சென்ற ஜனவரி மாதம். தேங்காய்ப்பட்டணத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் எங்கள் கடற்கரை ஊரில் திருவிழாவின் கடைசி நாள். மதியச் சாப்பாடு முடிந்து வெயில் சற்று இறங்கியதும் மாதா சுரூபத்தை வள்ளத்தில் ஏற்றி, ஊரே கடலில் பவனி போனது. எல்லாருக்கும் பின்னால் போன வள்ளத்தில், கையில் டிரம்பெட்டோடு நானும் இருந்தேன். இத்தனைக்கும் எனக்கு நீந்தத் தெரியாது.

நான் பிறந்தது மார்த்தாண்டம். கடலை லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு, காலை நனைத்துவிட்டு வந்த ஆள். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். நான் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பேண்டில் டிரம்பெட் வாசித்தேன் என்று ஒருநாள் பிளவுஸ் வாங்க வந்த ஒரு அக்காவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் எங்கள் ஊர் பேண்டு மாஸ்டர் வாசலில் நின்றார். ஐஸ் பிளான்டில் வேலை பார்ப்பவர், ஆளைப் பார்த்தால் அதட்டுவார் என்று தோன்றும். ஆனால் குரல் பஞ்சு.

“மக்கா, ஈஸ்டர் வருது. டிரம்பெட்டுக்கு ஒரு ஆளு கொறையுது. வந்தா கொள்ளாம்” என்றார்.

அப்படித்தான் சேர்ந்தேன். எங்கள் பேண்டில் மீன் ஏலம் விடுபவர் இருக்கிறார், ஸ்கூல் வேன் ஓட்டுபவர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், அடுத்த ஊரிலிருந்து சைக்கிளில் வந்து சைடு டிரம் வாசிக்கும் அய்யாவழிக் குடும்பத்துப் பையன்கூட இருக்கிறார். பையன் என்றா சொன்னேன்? அவருக்கே இரண்டு பிள்ளைகள். பேண்டில் எல்லாரும் பையன்தான், எல்லாரும் பிள்ளைதான்.

அந்த ஒரு வருஷம் நான் சிரித்ததுபோல் கல்யாணமான பிறகு சிரித்ததில்லை. ஈஸ்டர் விடியலில் கோயில் கதவு திறக்கும்போது வாசித்தோம். மே மாதம் முழுக்கக் கல்யாணம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா எங்களோடு ஆடி ஆடி, வேஷ்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் மண்டபத்துக்குள் போய்விட்டார். மார்த்தாண்டத்தில் ஒரு நகைக்கடை திறப்பு விழா. ரோடே நெரிசலில் நிற்க, பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியே கை தட்டினார்கள். டிசம்பரில் வீடு வீடாகக் கரோல். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தட்டு கேக். ஊதுகிறவர்கள் எல்லாம் வயிறு முட்டி ஊத முடியாமல் நிற்போம். புத்தாண்டு அன்று கோயில் மைதானத்தில் ஊரே ஆடியது, எழுபது வயசுக்காரர்களும் ஆடினார்கள்.

பேண்டுக்குப் புதுக் கோட்டு தைத்ததும் நான்தான். சிவப்புக் கோட்டு, தங்க நிற ஓரம். பாக்கெட் வைத்தால் இடுப்புப் பக்கம் தொளதொளவென்று நிற்கும் என்று பாக்கெட்டே வைக்கவில்லை. ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் போவதில்லை. சாவு வீடு. எங்கள் ஊரில் யார் இறந்தாலும் உடலை வீட்டிலிருந்து எடுக்கும்போது பேண்டு ஒரு மெட்டு வாசிக்கும். எடுப்புப் பாட்டு என்று சொல்வார்கள். அதை ஒத்திகையில் வாசிக்க மாட்டார்கள். வீட்டில் யாராவது தெரியாமல் முணுமுணுத்தால்கூட ‘வாயை மூடு’ என்று அடி விழும். புதிதாக வருகிறவர்கள் சாவு வீட்டு முற்றத்தில் நின்று கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நான் ஒரே ஒரு தடவை போனேன். இறந்துபோன அம்மாவின் மகள் அழுததைப் பார்த்ததும் என் உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது. டிரம்பெட்டுக்கு உதடுதான் எல்லாம். அது துடித்தால் வருவது வெறும் காற்று. ‘நீ கல்யாணத்துக்கு வா மக்கா, இத நாங்க பாத்துக்கிடுவோம்’ என்று மாஸ்டர் என் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். அப்பாடா என்று வந்துவிட்டேன்.

இப்போது கடலுக்கு வருகிறேன்.

கடல் பவனியில் பேண்டு வள்ளம் கடைசியில்தான் போகும். சத்தம் பின்னாலிருந்து எல்லா வள்ளங்களையும் தள்ளிக்கொண்டு போக வேண்டுமாம். வள்ளத்தில் ஏறும்போது பெரிய டிரம்முக்கு இடம் போதவில்லை. “நங்கூரமும் துடுப்பும் கரையில கெடக்கட்டு, ஒரு சுத்து சுத்திட்டு வரத்தானே” என்று ஓட்டுகிற அண்ணனே அதையெல்லாம் இறக்கி வைத்துவிட்டார். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர் சொல்லும்போது நான் என்ன சொல்வது? கோட்டில் பாக்கெட் இல்லாததால் எங்கள் போன்கள் எல்லாம் ஒரு பையில் கோயில் அறையில் இருந்தன. லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். கோட்டு மறைந்துவிடுமே என்று அதை மடித்து, உட்காரும் இடத்தில் போட்டுக்கொண்டோம். அழகு முக்கியம் இல்லையா!

முதலில் எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. முன்னால் போகிற வள்ளங்களில் கொடி, பலூன், சேலை கட்டிய அம்மாமார், துண்டு சுழற்றும் ஆண்கள். நாங்கள் வாசிக்க வாசிக்க அவர்கள் ஆடினார்கள். திரும்பும்போதுதான் எஞ்சின் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றது. ஓட்டுகிற அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்தார். கிழிந்த வலை ஒன்று சுற்றிக் கிடந்தது. கத்தியால் அறுத்து எடுத்தார். ஸ்டார்ட் கயிற்றை இழுத்தார், இழுத்தார், எஞ்சின் கிளம்பவே இல்லை.

யாரும் பயப்படவில்லை. நான் மட்டும் இடது பக்கம் பார்த்தேன். அங்கே தூண்டில் வளைவு. கரையைக் கடல் அரிக்காமல் இருக்க, கடலுக்குள் நீளமாகப் பாறைகளைக் கொட்டி வைத்திருப்பார்களே, அதுதான். அலை எங்களை மெதுவாக அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

“அண்ணா, அங்க போகுதே?” என்று கேட்டேன்.

“வெப்ராளப்படாத பிள்ளே, ஒண்ணும் ஆவாது” என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. இருந்த ஒரே போன் அவருடையது. முன்னால் போகிற வள்ளத்துக்குக் கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. எங்கள் சத்தத்தில் எங்கள் போனே அவர்களுக்குக் கேட்கவில்லை.

வாசிப்பை நிறுத்தினால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நிறுத்தினோம். பாவம், களைத்துவிட்டார்கள் என்று நினைத்து அவர்கள் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டார்கள். சரி என்று மறுபடி உரக்க வாசித்தோம். உடனே மரியாதையாக ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு முன்னைவிட அதிகமாக ஆடினார்கள். சிவப்புக் கோட்டைக் கழற்றிச் சுழற்றினோம். அவர்களும் துண்டைச் சுழற்றினார்கள். ஒரு அக்கா எங்களுக்கு முத்தம்கூடப் பறக்கவிட்டார். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது பாறையில் அலை மோதித் தெறிக்கும் தண்ணீர் எங்கள் மேல் விழ ஆரம்பித்திருந்தது. லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன், வாரை எங்கே பூட்டுவது என்றே தெரியவில்லை. நீந்தத் தெரிந்தவர்கள்கூட அந்தப் பாறைகளுக்கு நடுவில் விழுந்தால் தப்புவது கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். நர்ஸ் அக்கா சத்தமாக ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் என் மகளின் முகம் வந்தது.

அப்போதுதான் மாஸ்டர் சொன்னார்: “எடுப்புப் பாட்டு வாசிங்க.”

எல்லாரும் அவரையே பார்த்தோம். பெரிய டிரம் வாசிப்பவர், “மாஸ்டர், மாதா கடலுல நிக்குது. திருவிழா அன்னைக்கு அந்தப் பாட்டா? ஊரு நம்மளக் கொன்னு போடும்” என்றார்.

“கொல்லட்டும் லேய். அதுக்கு நாம உயிரோட கரையேறணும்லா!”

இரண்டு டிரம்பெட்டில் ஒன்று நான். இன்னொருவர் கடல் தண்ணியிலேயே வளர்ந்தவர், அவர்தான் அன்றைக்கு ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கிளாரினெட்டெல்லாம் நனைந்து கீச்சிட்டன. அவ்வளவு தூரம் கேட்க டிரம்பெட்தான் வேண்டும். மாஸ்டர் வாசிப்பது கிளாரினெட், டிரம்பெட் அவருக்கு வராது. எனக்கோ அந்தப் பாட்டு தெரியாது. மாஸ்டர் என் பக்கத்தில் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தார். என் காதில் வாயை வைத்து அந்த மெட்டை ‘லா லா’ என்று பாடினார். “ஒரு வரி நான் பாடுவேன், அத நீ ஊது. பைய ஊது மக்கா. அழாத. அழுகையெல்லாம் கரையில போய் அழுவோம்.”

முதல் ஊதலில் வெறும் காற்றுதான் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது தடவை சத்தம் வந்தது. பெரிய டிரம் மெதுவாக, ஒவ்வொரு அடியாக விழுந்தது. ஒரு வரி கேட்டேன், ஒரு வரி ஊதினேன்.

முன்னால் சுழன்றுகொண்டிருந்த துண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்ப்பது தெரிந்தது. மூன்றாவது வரியை நான் ஊதும்போது ஒரு வள்ளம் திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே. கடைசியில் மாதாவின் வள்ளமும் திரும்பி எங்களை நோக்கி வந்ததைப் பார்த்ததும் என் கண் நிறைந்துவிட்டது. ஆனால் ஊதுவதை நிறுத்தவில்லை.

முதலில் வந்த வள்ளத்தில் இருந்த ஒரு பெரியவர், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த வேகத்தில் கயிற்றை எறிந்தார். எங்கள் ஆட்கள் பிடித்துக் கட்டினார்கள். வள்ளம் பாறையைவிட்டு விலகி ஆழத்துக்கு வந்த பிறகுதான் பெரியவர் திரும்பி, “ஆரு? ஆரு போனது?” என்று கேட்டார்.

“ஆரும் போவல்ல. போவாம இருக்கத்தான் வாசிச்சோம்” என்றார் மாஸ்டர்.

பெரியவர் எங்கள் வள்ளத்தை ஒரு பார்வை பார்த்தார். நங்கூரம் இல்லை, துடுப்பு இல்லை, நடுவில் ராஜா மாதிரி பெரிய டிரம். பிறகு அவர் விட்ட வசவுகளை இங்கே எழுத முடியாது. அவ்வளவு இனிமையான வசவை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

கரை முழுக்க ஜனம். பாட்டைக் கேட்டு வீடுகளில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்திருந்தார்கள். என் மகள் கூட்டத்துக்குள்ளே புகுந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். திட்டு விழப்போகிறது என்று நாங்கள் தலைகுனிந்து நிற்க, பங்குத்தந்தை ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துவிட்டு, “நங்கூரத்தத் தூக்கி வள்ளத்தில போடுங்க முதல்ல” என்று மட்டும் சொன்னார்.

போன் பையைத் திறந்தால் என் போன் அடித்துக்கொண்டிருந்தது. திருவிழாவை மஸ்கட்டில் இருந்தபடி லைவில் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர்.

“ஏட்டி, ஆருக்கு எடுப்புப் பாட்டு? சொல்லு, ஆரு?”

“எங்களுக்குத்தான்” என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எப்படி இருக்கிறது என்று உறைத்தது. நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பாட்டு சுருதி சேரல்ல கேட்டியா” என்றார். அவருக்கும் அழத் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

சாயங்காலம் கோயில் மைதானத்தில் நாங்கள் வாசித்ததைப்போல் அந்த வருஷத்தில் வேறு எங்கும் வாசித்ததில்லை. நனைந்த கோட்டோடு, உப்புப் பூத்த முகத்தோடு வாசித்தோம். ஊர் ஆடிய ஆட்டத்தில் மைதானத்து மணல் எல்லாம் எங்கள் வாயில். கடைசியில் டிரம்பெட்டை மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு நானும் ஆடினேன், மகளையும் இழுத்துக்கொண்டு.

நடுவில் அந்தப் பெரியவருக்கு ஒரு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: “மாமா, எங்களுக்கு எஞ்சின் நின்னு போச்சுண்ணு உங்களுக்கு அங்கேயே தெரிஞ்சுதா?”

“இல்ல மக்கா. எஞ்சினும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அந்தப் பாட்டு கேட்டா வரணும். ஆரு எவருண்ணு வந்த பெறவுதான் கேக்கது” என்றார். சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார்.

இப்போது கோட்டில் பாக்கெட் வைத்துவிட்டேன், உள்பக்கமும் ஒன்று. ‘நடுக்கடல் பாக்கெட்’ என்று பேண்டில் கேலி செய்கிறார்கள். இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டையும் இனி கோட்டுக்கு மேலேதான் போட்டுக்கொள்வோம், அழகு போனால் போகட்டும்.

தவக்காலத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒருவர் இறந்துபோனார். மாஸ்டர் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த முற்றத்தில் நின்றேன். உதடு துடிக்கத்தான் செய்தது. ஆனாலும் ஊதினேன். ஊத ஊதத் தெருவில் கதவுகள் திறந்தன, வேலையைப் போட்டுவிட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். போனவருக்கான பாட்டு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது இருப்பவர்களை ‘வாருங்கள்’ என்று கூப்பிடுகிற பாட்டு என்பது, ஒருமுறை எனக்காகவே ஊர் முழுக்கத் திரும்பி வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.