வாபஸ் வாங்காத மனு

1976 பிப்ரவரியில் ஒரு காலை, பீங்கான் ஜாடிக் கம்பெனி வாசலில் வைத்தே சாமிதுரையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சூளையில் வேலை பார்த்தவர். தொழிலாளர் சங்கத்துச் செயலாளர். அவர் மனைவி தனக்கோடி உள்ளே ஜாடிகளுக்குப் பூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு ஓடி வருவதற்குள் ஜீப் ஜங்ஷன் பக்கம் திரும்பிவிட்டது. விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் பிடித்திருக்கிறார்கள், கடலூர் ஜெயிலில் இருக்கிறார் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

பிள்ளை இல்லாத வீடு. கம்பெனிக்குக் கூட நடந்து வந்த பெண்கள் எல்லாம் அவளை விட்டுவிட்டு முன்னால் போகத் தொடங்கினார்கள். அடுத்த வீட்டு அமிர்தம் மட்டும், குழாயடியில் ஆளில்லாத நேரம் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்பாள், பதிலுக்கு நிற்கமாட்டாள். தனக்கோடி யார்மேலும் வருத்தப்படவில்லை. அவளுக்குமே பயமாகத்தான் இருந்தது.

தாலுகா ஆபீசில், மேலிடத்து உத்தரவு என்றார்கள். எம்.எல்.ஏ.வாக இருந்தவரைப் போய்ப் பார்த்தாள். சட்டசபையையே கலைத்தாயிற்று, நானும் இப்போது உன்னைப் போலத்தான் என்று அவர் சொன்னார்.

கடைசியில் சபேசன் என்ற வக்கீல் சாமிதுரையை விடச் சொல்லி அவளுக்காக மெட்ராஸ் ஹைகோர்ட்டில் மனுப் போட ஏற்பாடு செய்தார். சட்டம் போடுவது பார்லிமெண்ட், அதை நடத்துவது சர்க்கார், சர்க்கார் எல்லை தாண்டினால் தட்டிக்கேட்பது கோர்ட்டு என்று விளக்கினார். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வதற்காகத்தான் அதிகாரத்தை மூன்றாக வைத்திருக்கிறது என்றார். அதை நம்பி அவள் இரண்டு மாதம் இருந்தாள்.

ஏப்ரல் கடைசியில் சபேசன் ஆள் அனுப்பி அவளை வரவழைத்தார். அவசரநிலை இருக்கிறவரை இப்படிப்பட்ட மனுவோடு யாரும் கோர்ட்டுக்கு வர முடியாது என்று டெல்லியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டதாம். ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும் அதை ஒப்பவில்லையாம்.

"மூணுன்னு சொன்னீங்களே ஐயா. மூணும் ஒரே பக்கம் போயி நின்னுக்கிச்சுன்னா எங்கள மாதிரி ஆளுங்க எங்க போறதுங்க?"

எப்படியும் தள்ளுபடி ஆகும், நாமே வாபஸ் வாங்கிக்கொண்டால் உள்ளே இருப்பவருக்குத் தொந்தரவு குறையலாம் என்று சபேசன் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். தனக்கோடி அதைத் தொடவில்லை.

"தள்ளுறதுன்னா அவங்களே தள்ளட்டுங்க. நானே வேணாம்னு எழுதிக் குடுத்ததா இருக்கக் கூடாது."

மனு தள்ளுபடி ஆனது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அவள் அண்ணன் வந்து, தங்களோடு இருக்கக் கூப்பிட்டார். ஜெயில் கடுதாசி இந்த விலாசத்துக்குத்தானே வரும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். வந்த கடுதாசிகளில் பாதி வரிகள் மையால் அடிக்கப்பட்டிருந்தன. மிச்ச வரிகளில் சாமிதுரை அவள் சௌக்கியத்தை விசாரித்திருந்தார்.

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. தனியாகப் போய் ஓட்டுப் போட்டாள். அந்த வாரத்திலேயே அவசரநிலை போனது. இரண்டு நாள் கழித்து வேலை விட்டு வந்தபோது, பூட்டிய கதவை ஒட்டி நரைத்த தாடியோடு ஒருவர் குந்தியிருந்தார்.

"யாரப் பாக்கணுங்க?" என்று கேட்டுவிட்டாள்.

சாமிதுரை நிமிர்ந்து பார்த்தார். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கம்பெனி அவரைத் திரும்ப எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். ஜெயிலைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாக இருக்கப் பழகியிருந்தார்கள்.

1979-ல் ஒருநாள் கடைவீதியில் சபேசன் அவளை நிறுத்தி, பார்லிமெண்ட் அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டது என்றார். இனி அவசரநிலை வந்தாலும், உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறவரைத் தடுக்க முடியாதாம்.

சோறு போடும்போது அதைப் புருஷனிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "இனிமே வர்றவங்களுக்குத்தானே" என்றார்.

"ஆமாங்க" என்றாள். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.