அரிசி என்ன விலை?

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. வீடு என்றால், தஞ்சாவூரில் நானும் தோழி ரஷீதாவும் வாடகைக்கு இருக்கும் மாடிப் போர்ஷன்.

சண்டை எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அவள் எனக்குக் காசு தருவேன் என்கிறாள். நான் வேண்டாம் என்கிறேன். உலகத்தில் இப்படியும் சண்டை நடக்கிறது!

மாதம் பிறந்ததும் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். வாடகை, கரண்ட் பில், சிலிண்டர், பால், தண்ணீர் கேன்... எல்லாவற்றையும் மொபைலில் ஏற்றிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்ப்பவள். கொசுவத்திக்குக்கூடத் தனி வரி ஒதுக்கிவிடுவேன். ரஷீதாவுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. நாகப்பட்டினம் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். கணக்கு அவளுக்கு ரத்தத்திலேயே ஓடுகிறது.

அன்றைக்கு அவள் லிஸ்ட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

“இதுல அரிசி எங்கடீ?”

“அரிசி ஊர்லேர்ந்து வருது. அதுக்கு எதுக்குக் கணக்கு?”

“வருதுன்னா... தானா நடந்து வருதா?”

அவளுக்கு விளக்கினேன். சீர்காழிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை என்பதால் வருஷத்துக்கு ஒரு போகம்தான். தையில் அறுத்ததும், விற்றது போக வீட்டுச் சாப்பாட்டுக்கென்று நெல்லை ஒதுக்கி வைப்பார் அப்பா. அவ்வப்போது அதை அவித்து, அரைத்து, ஒரு வெள்ளைச் சாக்கில் போட்டு, வாயைக் கோணி ஊசியால் தைத்து, சீர்காழியில் பஸ் ஏற்றிவிடுவார். இங்கே புது பஸ் ஸ்டாண்டில் இறக்கி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கொண்டுவந்துவிடுவேன்.

பிறந்ததிலிருந்து நான் கடையில் அரிசி வாங்கியதே இல்லை. எங்கள் ஊரில் வயல் வைத்திருப்பவர்கள் லேசில் வாங்க மாட்டார்கள். வாங்கினால் அது செலவு இல்லை... கௌரவக் குறைச்சல்.

ரஷீதா மசியவில்லை. அவர்கள் கடையில் அவள் வாப்பாவே ஒரு பிஸ்கட் பாக்கெட் எடுத்தாலும் கல்லாவில் காசு போட்டுவிட்டுத்தான் எடுப்பாராம். “ஓசிச் சோறு எனக்கு எறங்காது. உங்கப்பாகிட்ட வெலையக் கேளு” என்றாள்.

கேட்டேன். ஸ்பீக்கரில்.

எதிர்பார்த்தபடியே அப்பா கோபித்துக்கொண்டார். நம் வீட்டுச் சோற்றை அந்தப் பெண் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும், காசு கீசு வாங்கினால் பார் என்றார். வாங்கவில்லை, சும்மா கணக்கில் எழுதி வைக்கத்தான் என்று சமாதானம் சொன்னேன்.

“கணக்குக்கா? சிப்பம் ஆயிரத்து நானூறுன்னு போட்டுக்க. போன மாசம் அம்பது ரூவா கம்மி. பழைய அரிசின்னா நூறு கூட வரும்.”

சிப்பம் என்றால் கடையில் தைத்து விற்கும் அரிசி மூட்டை. டைப் செய்துகொண்டிருந்த என் விரல் நின்றுவிட்டது.

அப்பாவுக்கு நெல் விலை தெரியும். கொள்முதல் நிலையத்தில் என்ன விலை, வெளி வியாபாரி என்ன கேட்கிறார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் கடை அரிசியின் விலை? அதுவும் போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் உள்ள வித்தியாசம்? பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம்?

அரிசியே வாங்காதவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன். ரஷீதா எழுந்துபோய் ஒரு கை அரிசி எடுத்துவந்து தட்டில் பரப்பினாள். லேப் ஆள் அல்லவா?

ஒரு கறுப்பு அரிசி இல்லை. ஒரு நெல் இல்லை, கல் இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. எங்கள் ஊர் ரைஸ்மில்லில் அரைத்தால் இப்படி வராது. யோசித்துப் பார்த்தால், கோடைக்குப் பிறகு வந்த மூட்டை எல்லாமே இப்படித்தான் இருந்தது. மில்லில் புது மெஷின் போட்டிருப்பார்கள், பொறுக்கும் வேலை மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பிழை கண்டுபிடிப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். கொடுமை!

மாடிப்படியில் போய் உட்கார்ந்து அப்பாவை மறுபடி அழைத்தேன்.

“அப்பா... இது நம்ம அரிசி இல்லதானே?”

அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். தையில் அறுப்புக்கு நின்ற பயிர் மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளை விட்டது எனக்கும் தெரிந்ததுதான். விற்கத்தான் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டுக்கு வேண்டியது வந்துவிட்டது என்று அப்போது சொல்லியிருந்தார். உண்மையில் வரவில்லை. பழைய இருப்பும் சித்திரையோடு தீர்ந்துபோயிருக்கிறது. அதற்குப் பிறகு அப்பா சீர்காழிக் கடையில் சிப்பம் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, வழக்கமான வெள்ளைச் சாக்கில் கொட்டி, கோணி ஊசியால் வாயைத் தைத்து...

“கடைப் பையோட அனுப்புனா உனக்குத் தெரிஞ்சிருமில்ல” என்றார்.

“தெரிஞ்சா என்னப்பா?”

“வயல் வச்சிருக்கேன்மா. எம்பொண்ணு வெளியூர்ல அரிசிக் கடை வாசல்ல போயி நிக்கணுமா?”



சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து யாரிடமும் கை நீட்டியதில்லை என்று எனக்கு ஒரு பெருமை. வரவுக்குள் செலவு, மிச்சம் ஆர்.டி.யில். இதைப் பற்றி இந்தப் பக்கத்திலேயே உங்களுக்குப் பலமுறை கிளாஸ் எடுத்திருக்கிறேன். நீங்களும் பொறுமையாகப் படித்தீர்கள். இப்போது பார்த்தால் அந்த மிச்சத்தில், விளைச்சல் இல்லாத வருஷத்தில் ஒரு விவசாயி கடையில் எண்ணிக் கொடுத்த காசும் இருக்கிறது.

தனியாகக் குடித்தனம் நடத்தும் பலருடைய பட்ஜெட் இப்படித்தான் துண்டு விழாமல் நிற்கிறது. அதில் பெயர் வராத யாரோ ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். உங்கள் பட்ஜெட்டில் அது யார்?

சரி, நான் என்ன செய்வது? பணம் அனுப்பினால் வாங்க மாட்டார். பலமுறை அனுப்பித் திரும்பி வந்திருக்கிறது. அரிசி அனுப்பாதீர்கள் என்று சொல்லலாம். மகளுக்குச் சோறு போடுவது நான்தான் என்று இருக்கிற மனிதரிடம் எப்படி அதைச் சொல்வது?

“இந்தத் தடவ அனுப்ப வேணாம்ப்பா. நானே வாங்கிக்கறேன்.”

“ஏன்... கடை அரிசிதானேன்னு ஆயிருச்சா?”

“அய்யோ, அப்படி இல்லப்பா. நீங்க அங்க வாங்கி, தைச்சு, பஸ்ல ஏத்தி, லக்கேஜுக்கும் காசு குடுக்கறீங்க. அதே அரிசி இங்க தெருமுனையில இருக்கு.”

அன்பாகப் பேசினால் அப்பாவுக்குக் கூச்சம் வந்துவிடும். கணக்காகப் பேசினால் காது கொடுப்பார். கொடுத்தார். ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை.

“தையில நம்ம நெல்லு வந்துரும்” என்றார் கடைசியில். “அதுவரைக்கும் வேணா வாங்கிக்க.”

“அதுவரைக்கும்தான்ப்பா.”

மறுநாள் நானும் ரஷீதாவும் அரிசிக் கடைக்குப் போனோம். என்ன அரிசி வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். சாப்பாட்டு அரிசி என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு ரஷீதா என்னை ஒதுக்கித் தள்ளி முன்னால் வந்தாள். பொன்னியா, பழசா புதுசா, எந்த மில்லு என்று வரிசையாக விசாரித்தாள். பழைய பொன்னி, சிப்பம் ஆயிரத்து நானூற்று எண்பது ரூபாய். ஆளுக்குப் பாதி. பணத்தை நீட்டியபோது என் கை ஒரு விநாடி தயங்கியது. அப்பாவின் கையும் இப்படித் தயங்கியிருக்கும்.

போன சனிக்கிழமை அப்பா வந்திருந்தார், கண் டெஸ்டுக்கு. வெறுங்கையோடு வரத் தெரியாதவர். பை நிறைய முருங்கைக்காயும் தேங்காயும். மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. ரஷீதா மீன் குழம்பு வைத்திருந்தாள். சோறு போட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். மகள் கடையில் வாங்கிய அரிசி... மனுஷன் சாப்பிடுவாரா? பேருக்குக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாரா?

அப்பா சோற்றை விரலால் உதிர்த்துப் பார்த்தார். குழம்பை ஊற்றிப் பிசைந்தார். நல்ல கைப்பக்குவம் என்று ரஷீதாவிடம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா” என்றார் என்னிடம்.

போட்டேன். தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“சிப்பம் என்ன வெலைக்கு வாங்குன?”

“ஆயிரத்து முந்நூத்தி எம்பதுப்பா.”

நூறு ரூபாய் குறைத்துச் சொன்னேன். ரஷீதா சட்டென்று தண்ணீர் டம்ளரை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். பழைய பொன்னி அந்த விலைக்கு இந்த ஜில்லாவில் எங்கேயும் கிடைக்காது. அது அப்பாவைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

“பரவால்லயே... மலிவாத்தான் வாங்கியிருக்க” என்றார் அப்பா.

ஆளுக்கொரு பொய். கணக்கு நேராகிவிட்டது.